ஏரி வழிவிட்டால்தான் இளவேனில்

(ஸ்காபரோவில், மார்ச் மாத மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஏரிக்கரையில் வரப்போகும் இளவேனில் எப்படி இருக்கும் என்று பேசச் சொன்னார்கள். மார்ச் பிறந்தவுடன் கடையிலும் கோயிலிலும் பஸ் தரிப்பிலும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதும் இதைத்தான்: "குளிர் எப்ப விடும்?" மூன்று மாத முன்னோட்டம் என்று ஒன்றைத் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். வழமையைவிட வெப்பம் கூடியிருக்கும் என்று காதில் விழுந்ததும் தடித்த ஜக்கெற்றைக் கழுவி மடித்து வைத்துவிடுகிறோம். ஏப்ரல் நடுப்பகுதியில் திரும்பவும் எடுக்கிறோம். "உவை சொல்லுறது ஒண்டும் சரிவாறதில்லை" என்று அலுத்துக்கொள்கிறோம்.

தவறு முழுவதும் அவர்களுடையதல்ல. வாசிக்கும் நாம்தான் ஒன்றை விட்டுவிடுகிறோம். நமக்குத் தெற்கே ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீற்றர் பரப்பில் ஒன்ராறியோ ஏரி கிடக்கிறது. மார்ச் முதல் ஜூன் வரை நம் வாசலில் நிற்கும் காற்று சூடா குளிரா என்பதில் வானத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த ஏரிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. ஏரியைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே இளவேனிலைத் தெரிந்துகொள்ள முடியாது.

முதலில் முன்னோட்டம் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். கனடாவின் சுற்றாடல் திணைக்களமும் அமெரிக்காவின் காலநிலைக் கணிப்பு மையமும் வெளியிடும் பருவகால வரைபடங்களில் முதலில் கண்ணில் படுவது நிறங்கள்தான். 1991 முதல் 2020 வரையான 30 ஆண்டுகளை மூன்று கூறாகப் பிரித்து, வழமையைவிட வெப்பம், வழமை, வழமையைவிடக் குளிர் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 வீத வாய்ப்பு. கணிப்பில் வெப்பத்துக்கு 45 வீதம் என்று வந்தால் வரைபடத்தில் சிவப்பு விழும். பார்க்கிற நாம் வெப்பம் நிச்சயம் என்று எடுத்துக்கொள்கிறோம். மற்ற இரண்டுக்கும் சேர்த்து 55 வீதம் மிச்சமிருப்பதை யாரும் சொல்வதில்லை. மழையைப் பொறுத்தவரை இந்தக் கணிப்பு இன்னும் பலவீனமானது.

அந்த நிறமும் மூன்று மாதங்களின் சராசரிக்கு உரியது. சராசரிக்குள் என்னவெல்லாம் மறைந்து கிடக்கும் என்பதற்கு 2018ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 14 சனிக்கிழமை, நம்முடைய சித்திரைப் புத்தாண்டு. அன்று தொடங்கி மூன்று நாள் ஐஸ் குருணையும் உறைமழையும் கடுங்காற்றும் தென் ஒன்ராறியோவைப் போட்டு உலுக்கின. பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டுடன் கோயிலுக்கு வெளிக்கிட்டவர்கள் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நின்றார்கள். பியர்சன் விமானநிலையத்தில் நூற்றுக்கணக்கான பறப்புகள் ரத்தாகின. 16ஆம் திகதி சீ.என். கோபுரத்திலிருந்து விழுந்த ஐஸ் கட்டி ரொஜர்ஸ் சென்ரர் விளையாட்டரங்கின் கூரையைத் துளைத்ததால் புளூ ஜேஸ் அணியின் ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். மூன்று வாரம் ஆகுமுன், மே 4 அன்று, மணிக்கு 110 கிலோமீற்றரைத் தாண்டிய காற்று வீசி மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. மே முடிவதற்குள் கோடை வெக்கை வந்துவிட்டது. குளிர்ந்த ஏப்ரலையும் வெக்கையான மேயையும் கூட்டிப் பிரித்தால் கையில் என்ன மிஞ்சும்? பார்க்கிறவருக்கு அது சாதாரணமான ஒரு இளவேனில்.

பருவகாலக் கணிப்பாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது பசிபிக் சமுத்திரத்தை. அங்கே மத்திய கோட்டை ஒட்டிய நீர் வழமையைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. எல் நினோ பலமாக இருக்கும் மாரியில் பேரேரிகளின் பக்கம் குளிர் குறையும். 2023–24 மாரி அப்படித்தான் இருந்தது. ஐந்து பேரேரிகளையும் சேர்த்து ஏறத்தாழ 16 வீதப் பரப்புக்கு மேல் பனிக்கட்டி மூடவேயில்லை. நீண்டகால உச்சச் சராசரி 50 வீதத்துக்குச் சற்று மேலே. 2014இல் அது 92 வீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு மே மாதக் கடைசி வாரத்திலும் சுப்பீரியர் ஏரியில், மிச்சிகனின் மார்க்கெற் நகரக் கரையோரம், பனிக்கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. அத்தகைய ஆண்டில் ஏரியோரத்து ஊர்களுக்கு இளவேனில் சுணங்கித்தான் வரும். ஆனால் பசிபிக்கின் இந்த நிலை மாறுவதும் பெரும்பாலும் மார்ச்சுக்கும் மேக்கும் இடையில்தான். அந்தக் காலத்தைத் தாண்டி என்ன நடக்கும் என்று கணிப்பது இன்றும் கடினம். ஆகவே இளவேனிலைப் பற்றிய முன்னோட்டம் அடக்கமாக வாசிக்கப்பட வேண்டியது.

இனி ஏரிக்கு வருவோம்.

ஒன்ராறியோ ஏரி மற்றப் பேரேரிகளின் அளவுக்கு மாரியில் உறைவதில்லை. கரையோரமும் குடாக்களும் உறையும், நடு ஏரி திறந்தே கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, ஏரி குளிரைப் பிடித்து வைக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளது நேர்மாறு. அது உறையாததற்குக் காரணம் அதன் ஆழம். மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர், சராசரியாக 86 மீற்றர். பக்கத்தில் இருக்கும் ஈரி ஏரி சராசரியாக 19 மீற்றர்தான் ஆழம். அதனால் ஈரி விரைவாக உறைகிறது, விரைவாகச் சூடும் ஆகிறது. நம்முடைய ஏரி மெல்லக் குளிரும், மெல்லச் சூடாகும். ஊரில் நம் பழைய கல்வீட்டுச் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்து நடுச்சாமம் வரை வெக்கையை விட்டுக்கொண்டிருந்ததே, அதைப்போல இந்த ஏரி தை மாதத்தில் வாங்கிய குளிரை வைகாசி வரை விட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். நீர் அப்படியல்ல. 4 பாகை செல்சியஸில்தான் அது அதிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தாலும் இலேசாகும், சூடானாலும் இலேசாகும். மார்ச் கடைசியில் ஏரியின் மேல்நீர் இரண்டு மூன்று பாகையில் இருக்கும். ஏப்ரல் வெயில் அதைச் சூடாக்குகிறது. 4 பாகையை நெருங்க நெருங்க அது கனத்துக் கீழே இறங்குகிறது. கீழேயிருந்து குளிர்ந்த நீர் அதன் இடத்துக்கு மேலே வருகிறது. அதை வெயில் சூடாக்க, அதுவும் இறங்குகிறது. இப்படி ஏரியின் முழு ஆழமும் 4 பாகைக்கு வந்து சேரும்வரை நடு ஏரியின் மேற்பரப்பு சூடாகவே முடியாது. ஏப்ரலில் எத்தனை நல்ல வெயில் அடித்தாலும் அந்த வெயிலெல்லாம் ஆழத்துக்குள் போய்விடுகிறது.

கரையோரத்தில் ஆழம் குறைவு, அங்கே நீர் முந்திச் சூடாகும். கரையோரத்துச் சூடான நீரும் நடுவிலுள்ள குளிர்நீரும் சந்திக்கிற இடத்தில் இரண்டும் கலந்து 4 பாகையாகி, ஒரு திரைபோல நேரே கீழே இறங்கும். ஏரியைச் சுற்றி வளையமாக அமையும் இந்தத் தடுப்பைத்தான் ஆய்வாளர்கள் வெப்பத் தடுப்பு என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெனீவா ஏரியில் இதைக் கவனித்தவர் ஃபொரெல் என்ற சுவிஸ் அறிஞர். ஒன்ராறியோ ஏரியில் இதை 1965, 66ஆம் ஆண்டுகளில் ரொஜர்ஸ் என்ற ஆய்வாளர் அளந்து எழுதினார். 1972–73இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து இந்த ஏரிக்கென்றே பெரிய கள ஆய்வொன்றை நடத்தின. ஏப்ரல் பிற்பகுதியில் கரையருகே தோன்றும் இந்தத் தடுப்பு மெல்ல மெல்ல நடு ஏரியை நோக்கி நகர்ந்து ஜூன் நடுப்பகுதியில்தான் மறைகிறது. அதுவரை ஆறுகள் கொண்டுவரும் இளவேனில் வெள்ளமும், மாரி முழுவதும் வீதிகளில் நாம் கொட்டிய உப்பும், நடு ஏரிக்குப் போகாமல் கரையோரத்திலேயே பெரிதும் அடைபட்டுக் கிடக்கின்றன. நம் குடிநீரை எடுக்கும் ஏரி இது. உப்பு வாளியைக் கையில் எடுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 4 பாகைக் குளிரை ரொறன்ரோ நகரம் பயன்படுத்தவும் கற்றிருக்கிறது. 2004இலிருந்து, கரையிலிருந்து 5 கிலோமீற்றர் தூரத்தில், 83 மீற்றர் ஆழத்திலிருந்து குளிர்நீரைக் குழாய்களில் இழுத்து வந்து நகர மையத்துக் கட்டடங்களுக்குக் குளிரூட்டுகிறார்கள். குளிரைக் கொடுத்துவிட்ட அந்த நீர்தான் பிறகு குடிநீர்க் குழாய்களுக்குப் போகிறது. ஆடி மாத வெக்கையிலும் அந்த ஆழத்தில் குளிர் கலையாமல் இருப்பதால்தான் இது முடிகிறது.

இப்போது காற்றைப் பற்றிப் பேசலாம். பருவகால முன்னோட்டத்தைவிட நமக்கு அன்றாடம் அதிகம் பயன்படுவது காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற செய்தி. யாழ்ப்பாணத்தில் வாடை என்றால் எந்தப் பக்கம், சோளகம் என்றால் எந்தப் பக்கம், அது பெயர்ந்தால் என்ன நடக்கும் என்பது கடற்றொழிலாளிக்கு மட்டுமல்ல, தோட்டக்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. இங்கே வந்து எத்தனையோ ஆண்டுகளாகிவிட்டன. கைத்தொலைபேசியில் ஒரு சூரியப் படத்தையும் ஒரு எண்ணையும் பார்த்துவிட்டு வெளிக்கிடுகிறோம். அந்த எண் பெரும்பாலும் ஏரியிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் பியர்சன் விமானநிலையத்து எண் என்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை.

மே மாதத்தில் வெயில் நன்றாக அடிக்கிற, காற்று அதிகம் இல்லாத ஒரு நாள். பத்து, பதினொரு மணிக்குத் தரை சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப ஏரியின் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுதான் ஏரிக்காற்று. தரைக்கும் நீருக்கும் வெப்பவித்தியாசம் மிகக் கூடுதலாக இருப்பது இளவேனிலிலும் கோடைத் தொடக்கத்திலும் என்பதால் அந்தக் காலத்தில் இதன் கடுமையும் அதிகம். ஒருமுறை இதை நேரே பாருங்கள். அப்படி ஒரு பிற்பகலில் பிரிம்லி வீதியால் தெற்கே காரோட்டிக்கொண்டு வாருங்கள். எக்ளின்ரன் சந்தியில் காரின் வெப்பமானி 21 காட்டும். கிங்ஸ்ரன் வீதியைத் தாண்டும்போது 18 ஆகியிருக்கும். அதன் பிறகு பாதை புளஃப்ஸ் என்னும் ஏரிக்கரை மண்மேட்டின் பக்கமாகச் சரிந்து புளஃபர்ஸ் பூங்காவுக்கு இறங்குகிறது. 16, 14, 13 என்று எண் விழுந்துகொண்டே போகும். கீழே கார்த் தரிப்பிடத்தில் கதவைத் திறந்தால் அரைக்கைச் சட்டையோடு வந்த பிள்ளைகள் திரும்பக் காருக்குள் ஏறிவிடுவார்கள். அதே நேரத்தில் ஏரியைவிட்டுத் தள்ளி வடக்கே இருக்கும் மார்க்கத்தில் வீட்டுக்குப் பின்னால் பார்பிகியூ போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வியர்க்கும். ஒரே பெருநகரப் பகுதிக்குள், ஒரே மணித்தியாலத்தில், பத்துப் பாகை வித்தியாசம். எதிர்வுகூறலின் கடைசியில் ஏரிக்கரையில் குளிராக இருக்கும் என்று ஒரு சிறு வசனம் வரும். இளவேனிலில் அந்த அறிவித்தலிலேயே முக்கியமான வசனம் அதுதான்.

காற்று வடமேற்கிலிருந்து வந்தால் அது தரைக்காற்று, ஏரியின் கை அதில் இல்லை. பலமான தென்மேற்குக் காற்று வெப்பத்தைக் கொண்டுவரும். கிழக்குக் காற்றுத்தான் இளவேனிலின் கொடிய காற்று. அமெரிக்காவில் கொலராடோப் பக்கம் உருவாகும் தாழமுக்கம் பேரேரிகளை நோக்கி வரும்போது அதைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். தாழமுக்கத்தின் மையம் நமக்குத் தெற்காகக் கடந்தால் நமக்குக் கிழக்குக் காற்று. ஏரியோ கிழக்கு மேற்காக 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது, ரொறன்ரோ அதன் மேற்குக் கோடியில் இருக்கிறது. அந்த நீளம் முழுவதும் இரண்டு மூன்று பாகை நீரின் மேல் ஓடி வருகிற காற்றுத்தான் நம் முகத்தில் அடிக்கிறது. மேலே சூடான காற்று, தரையோடு குளிர்காற்று என்று இரண்டு அடுக்காகிவிட்டால் மேலே மழையாகத் தொடங்குவது கீழே பட்டவுடன் உறைந்துவிடும். 2018 சித்திரைப் புத்தாண்டன்று நடந்தது இதுதான். 2025 மார்ச் இறுதியில் ஒரிலியா, பீற்றர்பரோப் பக்கங்களைப் பல நாட்கள் இருளில் போட்டதும் உறைமழைதான். மாதம் மார்ச் என்றோ ஏப்ரல் என்றோ பார்க்காமல் கிழக்குக் காற்றும் மழையும் பூச்சியத்தை ஒட்டிய வெப்பநிலையும் ஒன்றாக அறிவிக்கப்பட்டால் ரோச் லைற்றுக்குப் பற்றரி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏரியின் குளிர் இடிமுழக்கத்தைக் கரையோரத்தில் அடக்கிவைக்கும் என்பது பொதுவில் உண்மை. ஆனால் அதை நம்பி இருந்துவிடக்கூடாது. 2022 மே 21, விக்ரோறியா தின வார இறுதிச் சனிக்கிழமை. தென் ஒன்ராறியோவில் தொடங்கிக் கியூபெக் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரே கோடாக ஓடிய காற்றுப்புயல் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அன்று கைத்தொலைபேசிகளில் எச்சரிக்கை அலறியபோது அதை அணைத்துவிட்டு வெளியில் நின்றவர்கள் பலர். அந்தச் சத்தம் வந்தால் உள்ளே போய்விடுங்கள், வேறொன்றும் யோசிக்க வேண்டாம்.

இவ்வளவு சொன்னதும் ஏரியை ஒரு தொல்லையாக எண்ணிவிடாதீர்கள். நயாகராப் பக்கம் கிறிம்ஸ்பி, வைன்லாண்ட், சென். கதரின்ஸ் ஊர்களில் பீச்சும் திராட்சையும் செறியும் விளைவதற்கு இந்த ஏரிதான் காரணம். பழமரத்துக்கு மாரிக் குளிரைவிடப் பெரிய பகை பொய்யான இளவேனில். முந்திச் சூடு வந்தால் மொட்டு முந்தி விரியும், பிறகு ஒரு இரவு உறைபனி விழுந்தால் எல்லாம் கருகிவிடும். ஏரியின் குளிர்காற்று அந்த மொட்டுகளைப் பிடித்து வைத்திருக்கிறது, உறைபனி அபாயம் குறையும்வரை அவற்றை விரிய விடுவதில்லை. மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் பழத்தோட்டங்கள் வரிசையாக இருப்பதும் இதே காரணத்தால்.

அந்தக் காவலையும் மீறிய ஆண்டு 2012. மார்ச் மாதத்தில் நாட்கணக்காக 20 பாகைக்கு மேல் அடித்தது. நாமும் மகிழ்ந்தோம், பூங்காக்கள் நிரம்பின. ஆப்பிள் மரங்கள் வாரக்கணக்கில் முந்திப் பூத்தன. ஏப்ரலில் வழமையான உறைபனி வழமையான நேரத்தில்தான் வந்தது. அந்த ஆண்டு ஒன்ராறியோவின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. மிச்சிகனில் அழிவு அதையும்விட மோசம். பூமி சூடாகும் இந்தக் காலத்தில் மார்ச் வெப்பம் முந்தி வருகிற அளவுக்குக் கடைசி உறைபனி முந்தி விலகுவதில்லை. உழவர்கள் அஞ்சுவது இந்த இடைவெளிக்குத்தான். மார்ச்சில் 20 பாகை வந்தால் அதை நல்ல செய்தி என்று வாசிக்கும் செய்தியாளர்கள் ஒரு தடவை நயாகராத் தோட்டக்காரரையும் கேட்டுவிட்டு வாசித்தால் நல்லது.

நம் வீட்டுத் தோட்டங்களுக்கும் இதே கணக்குத்தான். இந்த அவையில் யன்னலோரம் தயிர்க் கோப்பைகளில் மிளகாய்க் கன்று வைத்திருக்கும் அம்மாமார் எத்தனை பேர் என்று கை உயர்த்தச் சொன்னால் பாதி மண்டபம் உயர்த்தும். விக்ரோறியா தினம் கழிந்த பிறகுதான் கன்றை வெளியே நடவேண்டும் என்ற இவ்வூர் வழக்கம் அனுபவத்தில் பிறந்தது. அதைக் கைவிடாதீர்கள். ஏரிக்கரையை ஒட்டிய வீடுகளில் இரவு உறைபனி சற்று முந்தி விலகும், ஸ்ரூவில் பக்கமும் அஜாக்ஸின் வடபகுதியும் அப்படியல்ல. காற்று அசையாமல், வானம் தெளிந்து, நட்சத்திரம் நன்றாகத் தெரியும் மே மாத இரவுதான் ஆபத்தான இரவு. முற்றத்தில் நின்று பார்த்து, அப்படி இருந்தால் பழைய படுக்கை விரிப்பைக் கன்றுகளின் மேல் போட்டுவிடுங்கள். வெண்டி, பயற்றை, பாகல் விதைகளுக்கு வானத்தைவிட மண் முக்கியம். குளிர்ந்த ஈரமண்ணில் வெண்டி விதை முளைக்காது, அழுகிவிடும். கறிவேப்பிலைச் சட்டியையும் முருங்கைச் சட்டியையும் ஒரே நாளில் வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இலை வெளுத்துக் கொட்டும். ஒரு வாரம் பத்து நாள், முதலில் நிழலில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று பழக்கித்தான் வெளியில் விடவேண்டும். குளிர் ஏரிக்காற்று படும் இடமானால் இன்னும் சில நாள் கூட்டுங்கள்.

ஏரியின் நீர்மட்டமும் இளவேனிலின் கதைதான். மார்கழியில் தாழ்ந்திருக்கும் ஏரி, பனி உருகியும் மழை பெய்தும் ஜூன் அளவில் உச்சத்துக்கு வரும். சாதாரண ஆண்டில் இந்த ஏற்றம் அரை மீற்றர் அளவு. ஒன்ராறியோ ஏரிக்கு வரும் நீரில் ஏறத்தாழ 80 வீதம் ஈரி ஏரியிலிருந்து நயாகரா ஆற்றால் வருகிறது, அதாவது மேலுள்ள நான்கு பேரேரிகளும் நம் தலைக்கு மேலே இருக்கின்றன. வெளியே போக ஒரே வழி சென். லோறன்ஸ் ஆறு. அதை கோர்ன்வாலில் உள்ள அணை கட்டுப்படுத்துகிறது. 2017 இளவேனிலில் மழை கொட்டித் தீர்த்தது. அதே நேரத்தில் ஒட்டாவா ஆறும் பெருக்கெடுத்து மொன்றியலின் சில பகுதிகளை மூழ்கடித்தது. அணையைத் திறந்தால் மொன்றியலுக்கு அழிவு, மூடினால் ரொறன்ரோவுக்கு வெள்ளம். ஏரி கடல்மட்டத்துக்கு மேல் 75.88 மீற்றர் என்ற மட்டத்துக்கு ஏறியது. ரொறன்ரோத் தீவுகளின் பூங்கா மே முதல் ஜூலை முடியும்வரை மூடிக் கிடந்தது, தீவுவாசிகள் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 2019இல் அது 75.92 மீற்றர் வரை போனது. அணையை இயக்கியவர்கள்மீது அன்று நிறையப் பழி விழுந்தது. இரண்டு ஊர்களும் ஒரே நேரத்தில் நனையும்போது நல்ல தீர்வு என்று ஒன்று இல்லை என்பதே என் எண்ணம். நம் கையில் உள்ளது எங்கே வீடு கட்டுவது என்பதுதான். ஆற்றோரத்திலும் ஏரியோரத்திலும் வீடு கட்டக்கூடாத இடங்களை ஒதுக்கிவைக்கும் துணிவை 1954இல் ஹேசல் சூறாவளி கொண்டுவந்த பெருவெள்ளம் இந்த மாகாணத்துக்குக் கொடுத்தது. அன்று 81 பேர் மாண்டார்கள். அந்தத் துணிவு தளராமல் இருக்க வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. ஏப்ரலிலோ மேயிலோ முதல் நல்ல வெயில் வரும் ஞாயிற்றுக்கிழமை நம் குடும்பங்கள் புளஃப்ஸுக்கும் ரூஜ் ஏரிக்கரைக்கும் போகின்றன. போகத்தான் வேண்டும், ஆறு மாதம் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் நாம். ஆனால் அன்று காற்று 22 பாகையாக இருந்தாலும் ஏரி 4, 5 பாகைதான். பாறையில் நின்று படமெடுக்கும் பிள்ளை தவறி விழுந்தால், நல்ல நீச்சல்காரனாக இருந்தாலும், முதல் நிமிடத்தில் மூச்சு திணறி, வாய் தானாகத் திறந்து தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கிஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் தானே பனிநீருக்குள் இறங்கி ஆராய்ந்தவர். அவருடைய கணக்கை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்ய வேண்டும்: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் பயன்படும் நேரம் 10 நிமிடம், நினைவு தப்பும்வரை 1 மணித்தியாலம். முதல் நிமிடத்தில் பதறாமல் மிதந்துகொண்டிருந்தால் பிழைக்க இடமுண்டு. உயிர்காப்பு அங்கி இருந்தால் அந்த ஒரு மணித்தியாலம் முழுவதும் கிடைக்கும், இல்லாவிட்டால் பலருக்குப் பத்து நிமிடங்கூடக் கிடைப்பதில்லை. கரையில் உயிர்காப்பாளர்கள் நிற்கத் தொடங்குவதும் கோடையை ஒட்டித்தான்.

புளஃப்ஸின் மண்மேட்டுக்கும் இதே எச்சரிக்கை. சில இடங்களில் 90 மீற்றர் வரை உயர்ந்த அந்த மேடு மணலும் களியும். மாரியில் அதற்குள் உறைந்த நீர் இளவேனிலில் இளகும்போது மேடு துண்டு துண்டாகச் சரியும். விளிம்பில் நின்று படமெடுக்காதீர்கள், அடியில் துணி விரித்து உட்காராதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த எதிர்வுகூறல்களும் எச்சரிக்கைகளும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வருகின்றன. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அஜாக்ஸிலும் அவற்றை வாசிக்க முடியாத தாய்தந்தையர் ஆயிரக்கணக்கில் பேரப்பிள்ளைகளோடு வீட்டில் இருக்கிறார்கள். தமிழ் வானொலிகளில் காலையில் வானிலை வாசிக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் இது: விமானநிலையத்து எண்ணோடு நிறுத்தாதீர்கள். காற்று எந்தத் திசை, ஏரிக்கரையில் எத்தனை பாகை, ஏரிநீர் எத்தனை பாகை என்று மூன்று வசனம் சேர்த்துச் சொல்லுங்கள். கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் ஏப்ரல் மே அறிவித்தல்களில் குளிர்நீர் எச்சரிக்கையைத் தமிழில் போடுங்கள். வீட்டில் இருக்கும் இளையோர், இன்று இரவே அப்பாவின், அம்மாவின் தொலைபேசியில் சொந்த ஊரின் எச்சரிக்கைகள் வரும்படி ஒழுங்கு செய்து, அந்தச் சத்தம் வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.